பெருநாளன்று ஆடும் இருவாச்சி: லிக்பி முகமூடிகள் பற்றிய கேள்வி பதில்

மேற்கு ஆப்பிரிக்க முகமூடிகளைப் பற்றி வந்த கேள்விகளில் லிக்பி மக்களின் விலங்கு முகமூடிகள் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அருங்காட்சியகச் சேகரிப்புகளில் இந்தப் பகுதியின் முகமூடிகளைப் பட்டியலிடுவதுதான் நான் நீண்ட காலம் பார்த்த வேலை. அதனால் முதலிலேயே ஒரு நிபந்தனை. ஒரு முகமூடி எந்த ஊரில், எந்த நாளில், யார் முன்னால் ஆடியது என்று தெரியாமல் அதற்கு அர்த்தம் சொல்ல மாட்டேன். விலையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: லிக்பி என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்? (ஒரு பள்ளி ஆசிரியை)

ஐவரி கோஸ்ட் நாட்டின் வடகிழக்கு மூலையில் போந்துகு என்ற பழைய வணிக நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியும், எல்லைக்கு அந்தப்புறம் கானாவின் பாண்டா பகுதியிலும் வாழ்கிற சிறிய முஸ்லிம் சமூகம் லிக்பி. அவர்கள் பேசுவது மாண்டே குடும்பத்து மொழி. சுற்றியிருக்கும் நஃபானா, குலாங்கோ, அப்ரோன் மக்கள் பேசுவதெல்லாம் வேறு குடும்பத்து மொழிகள். இவர்கள் வடக்கே நைஜர் ஆற்றுப் பக்கமிருந்து வணிகத்துக்காக வந்தவர்களின் வழியினர் என்பதற்கு மொழியே முதல் சாட்சி.

வணிகம் என்றால் தங்கமும் கோலாக் கொட்டையும். தெற்கே மழைக்காட்டிலிருந்து இவை வரும். வடக்கே ஜென்னே போன்ற நகரங்களுக்குப் போகும். காடும் புல்வெளியும் சந்திக்கிற இடத்தில் பேகோ என்ற சந்தை நகரம் வளர்ந்தது. இன்றைய கானாவின் ஹானி கிராமத்துக்கு அருகில் அதன் மேடுகள் இருக்கின்றன. 1970களில் மெரிக் பொஸ்னான்ஸ்கி தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. முஸ்லிம் வணிகர்களுக்கு ஒரு குடியிருப்பு, உள்ளூர் மக்களுக்கு ஒன்று, கைவினைஞர்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாக அமைந்த ஊர் அது. 18ஆம் நூற்றாண்டில் பேகோ நலிந்தது. அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல போந்துகுவுக்கும் பாண்டாவுக்கும் போய்ச் சேர்ந்தன.

அப்புறம், லிக்பி என்று மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள். ஹ்வேலா, ஜூலா, இரும்படிக்கும் நூமு ஆகியோரும் அதே ஊர்களில் அக்கம்பக்கமாக வாழ்கிறவர்கள். நாம் பேசப்போகிற முகமூடியாட்டம் இவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது.

கேள்வி: இவர்களிடம் என்னென்ன விலங்கு முகமூடிகள் உண்டு? எப்போது ஆடுவார்கள்? (ஓவியக் கல்லூரி மாணவர்)

இரண்டு ஆட்டங்களைத் தனியாக நினைவில் வையுங்கள். ஒன்று டோ, இன்னொன்று க்பாய்ன். க்பாய்ன் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார். முதலில் டோ.

டோ பகலில் ஆடுவது. ஆண், பெண், குழந்தை எல்லோரும் பார்க்கலாம். ஒரு மாத நோன்பு முடிந்து வரும் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், அப்புறம் ஊரில் மதிப்புப் பெற்ற முஸ்லிம் பெரியவர்களின் இறப்புச் சடங்கு ஆகியவைதான் அதற்கு உரிய நாட்கள். 1960களின் பிற்பகுதியில் கலை வரலாற்று ஆய்வாளர் ரெனே பிராவ்மன் போந்துகுவிலும் பாண்டாவிலும் களப்பணி செய்து இதைப் பதிவு செய்தார். 1974இல் அது நூலாக வந்தது. அதுவரை, இஸ்லாம் நுழைந்த இடத்தில் மரச்சிற்பம் செத்துப்போகும் என்பதை ஆப்பிரிக்கக் கலை பற்றி எழுதியவர்கள் பாடமாகவே ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

டோ முகமூடி முகத்தை மட்டும் மூடும் அளவுடையது. நீள்வட்ட முகம், வளைந்த இமைகளுக்குக் கீழே கீறியதுபோல் ஒடுங்கிய கண்கள், மெல்லிய மூக்கு, கன்னங்களில் தழும்புக் கோடுகள், மெருகேறிய வழவழப்பு. இதுதான் அடிப்படை. அதன்மேல் விலங்கின் உறுப்பு ஒன்று சேர்கிறது. இருவாச்சியின் அலகு சேர்ந்தால் அது யங்கலேயா. கோரைப்பற்கள் சேர்ந்தால் ஆப்பிரிக்கப் புல்வெளியின் மருமுகப் பன்றி. கொம்புள்ள விலங்குகளும் உண்டு. முழுக்க மனித முகமாகவே இருப்பவையும் உண்டு. முழு விலங்குத் தலையைச் செதுக்குவதில்லை, மனித முகத்தின் அமைதியைக் கெடுக்காமல் விலங்கை அதில் இழைக்கிறார்கள். எனக்கு டோ முகமூடிகள் மீது இருக்கிற பிரியத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். அலகு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்தக் கண்கள் பதறுவதில்லை.

கேள்வி: இருவாச்சி ஏன்? பெண் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் உணவு கொண்டுவந்து ஊட்டும். அந்தத் தாம்பத்தியத்தைத்தான் முகமூடி காட்டுகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரியா? (வால்பாறைப் பக்கம் பறவை பார்ப்பவர்)

நல்ல கேள்வி. உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

வால்பாறையில் நீங்கள் பார்க்கும் மலை இருவாச்சிக்கு அந்த வழக்கம் உண்மை. ஆப்பிரிக்காவின் சாம்பல் இருவாச்சிக்கும் உண்மை. ஆனால் போந்துகுவுக்கு வடக்கே விரியும் புல்வெளியில் தரையில் நடந்து திரிகிற பெரிய இனம் ஒன்று உண்டு, அபிசீனியத் தரை இருவாச்சி. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், கரிய உடல், ஆழ்ந்த குரல். இது பெண் பறவையைப் பொந்தில் வைத்து அடைக்காது. ஆக, முகமூடியில் இருப்பது எந்த இருவாச்சி என்று உறுதிசெய்யாமல் தாம்பத்தியக் கதையை அதன்மேல் ஏற்றிவிட்டார் அந்தக் கட்டுரையாளர். பறவையைப் பற்றிய புத்தகத்தைப் படித்துவிட்டு முகமூடிக்கு விளக்கம் எழுதுவது இத்துறையின் பழைய நோய்.

அண்டை மக்களான செனுஃபோவிடம் இருவாச்சிக்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. உலகில் முதலில் தோன்றிய ஐந்து உயிர்களில் பச்சோந்தி, ஆமை, பாம்பு, முதலையோடு இருவாச்சியையும் எண்ணுகிறார்கள். போரோ என்ற அவர்களுடைய ரகசியச் சடங்கு அமைப்பின் புனிதத் தோப்புகளில் நெட்டையாக நிற்கும் பெரிய இருவாச்சிச் சிலைகள் உலக அருங்காட்சியகங்களில் பிரபலம். லிக்பி சிற்பத்துக்கும் செனுஃபோ சிற்பத்துக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. ஆனால் செனுஃபோவின் படைப்புக் கதையை லிக்பி முகமூடிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் குலக்கதை நம் வீட்டுக் கதை ஆகிவிடுமா?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இப்னு பதூதாவை உங்களுக்குத் தெரியும். மதுரை சுல்தானகத்தில் தங்கி அங்கே கண்டதையெல்லாம் எழுதிய அதே பயணிதான். அவர் 1352இல் மாலிப் பேரரசுக்குப் போனார். மன்சா சுலைமானின் அரசவையில் இரண்டு பெருநாட்களிலும் நடந்ததை எழுதுகிறார்: பாடகர்கள் இறகுகளால் ஆன பறவை உருவத்துக்குள் புகுந்து வருகிறார்கள், அதற்கு மரத்தால் தலை, அந்தத் தலைக்குச் சிவப்பு அலகு. அரசன் முன்னால் நின்று, உன் முன்னோர் செய்த நல்லவற்றைப் போல நீயும் செய் என்று பாடுகிறார்கள். அது இருவாச்சி அல்ல, வேறொரு பறவையின் பெயரைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் மாண்டே மொழி பேசும் முஸ்லிம்கள், பெருநாள், மரத்தால் செய்த பறவைத் தலை ஆகிய மூன்றும் 14ஆம் நூற்றாண்டிலேயே ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. அறுநூறு ஆண்டுகள் கழித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, போந்துகுவில் யங்கலேயா பெருநாளன்று ஆடுகிறது. நேர்வழி வாரிசு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘முஸ்லிம்கள் எப்படிப் பெருநாளில் பறவை முகமூடி ஆடலாம்’ என்று வியப்பவர்கள் முதலில் இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: கால்கள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஆடும் முகமூடி வீடியோ ஒன்று பார்த்தேன். அது லிக்பிதானே? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

இல்லை. அது ஸாவுலி. ஐவரி கோஸ்டின் நடுப்பகுதியில் வாழும் குரோ மக்களுடையது. யுனெஸ்கோ 2017இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: என் மாமா அக்ராவில் வேலை பார்த்தபோது வாங்கிய பழைய லிக்பி முகமூடி எங்களிடம் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். என்ன மதிப்பு இருக்கும்?

விலை சொல்ல மாட்டேன் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். உங்கள் மாமாவிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: விற்றவர் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொன்னாரா? கடையில் எழுதித் தந்த ‘லிக்பி’ என்ற பெயரை நம்ப வேண்டாம். புகையில் கறுக்க வைத்தும், மண்ணில் புதைத்தும், கறையானுக்குக் கொடுத்தும் புது மரத்தைப் பழசாக்குவது அங்கே நன்றாகத் தெரிந்த வித்தை.

கேள்வி: பன்றி முகமூடியா? முஸ்லிம்களுக்குப் பன்றி ஹராம் ஆயிற்றே! எங்கேயோ தவறு இருக்கிறது. (பெயர் சொல்லவில்லை)

தவறு இல்லை. ஹராம் என்பது அதன் இறைச்சியை உண்பது. அந்த விலங்கைச் சுற்றி வாழ்கிறவர்கள் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதன் கோரைப்பல்லும், முன்னங்காலை மடக்கி மண்ணைக் கிளறுகிற விதமும் ஆட்டக்காரனுக்கு அருமையான பொருள். பன்றி முகத்தை அணிந்து ஆடுகிறவர் அன்று காலை பெருநாள் தொழுகைக்குப் போய்வந்தவர். இதில் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை.

கேள்வி: மேலே உள்ள பதில் சரியல்ல, ஐயா. பன்றி மட்டும் பிரச்சினை இல்லை. உயிருள்ளவற்றின் உருவம் செய்வதே மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. பெயருக்கு முஸ்லிமாக இருப்பவர்கள் செய்வதை இஸ்லாமியக் கலை என்று காட்ட வேண்டாம். (காயல்பட்டினம் வாசகர்)

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. எது கூடும், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின் வேலை. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் ‘பெயருக்கு முஸ்லிம்’ என்ற சொல்லை ஏற்க முடியாது. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

போந்துகு பள்ளிவாசல்களுக்குப் பேர்போன ஊர். தலைமுறை தலைமுறையாக இமாம்களைத் தந்த குடும்பங்கள் அங்கே உண்டு; திமிதே குடும்பம் அவற்றில் ஒன்று. குர்ஆனும் அதன் விளக்கமான தஃப்சீரும் சொல்லிக்கொடுக்கும் ஆசான்களின் வரிசையைச் சங்கிலிபோல் பெயர்பெயராகச் சொல்லத் தெரிந்தவர்கள். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து மாணவர்கள் தேடி வந்து படித்த இடம் அது. டோ ஆடிய முஸ்லிம்கள் இந்த ஊர்க்காரர்கள். மார்க்கம் தெரியாத மூலைக் கிராமத்தார் அல்ல. ஆலிம்கள் அறியாமல், அவர்களுக்கு ஒளித்து ஆடவும் இல்லை. பெருநாளன்று பட்டப்பகலில், அவர்கள் கண்முன்னால்தான் ஆடினார்கள். ஆலிம் ஒருவர் இறந்தால் அவருக்கு மரியாதையாகவும் ஆடினார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சிந்தனை மரபு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த அல்-ஹாஜ் சாலிம் சுவாரி என்ற அறிஞரின் வழியை மேற்கு ஆப்பிரிக்க வணிக முஸ்லிம்கள் பின்பற்றினார்கள். மதம் மாற்றப் படையெடுக்கக் கூடாது, ஒவ்வொருவரும் இறைவன் நாடும் காலத்தில் வருவார்கள், முஸ்லிம் அல்லாத அரசனின் கீழும் வாழலாம், ஆனால் தாம் வழிதவறாதிருக்கக் கல்வியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பவை அதன் சாரம். போந்துகு அப்படித்தான் இருந்தது. ஜ்யாமான் நாட்டை ஆண்ட அப்ரோன் அரசர்கள் முஸ்லிம்கள் அல்லர். அந்த ஆட்சியில் நூற்றாண்டுக் கணக்காகத் தங்கள் தொழுகையையும் கல்வியையும் காப்பாற்றிக்கொண்டவர்களை ‘பெயருக்கு’ என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: காயல்பட்டினத்து அண்ணன் சொல்வதை வேறு விதமாகச் சொல்கிறேன். இது இஸ்லாத்துக்கு முந்திய மரபின் எச்சம், அவ்வளவுதான். மேலே பூச்சு இஸ்லாம், உள்ளே பழைய ஆப்பிரிக்கா. மானிடவியலில் இதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். (சென்னையில் சமூகவியல் படிப்பவர்)

தம்பி, எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘பூச்சு’ என்ற பேச்சுதான் இந்த மக்களைப் பற்றிய மிக மோசமான எழுத்துக்கெல்லாம் காரணம்.

யோசித்துப் பாருங்கள். டோ ஆடும் நாட்கள் எவை? ஹிஜ்ரி நாட்காட்டி தீர்மானிக்கும் நாட்கள். யாருடைய இறப்புக்கு ஆடுகிறது? முஸ்லிம் பெரியவர்களுடையதற்கு. ஒரு கலைக்கு நேரம், இடம், காரணம் மூன்றையும் இஸ்லாமிய வாழ்க்கை கொடுத்த பிறகு, அதை எச்சம் என்று எந்தக் கணக்கில் சொல்வீர்கள்? முகமூடி செதுக்கும் திறமை பழையதாக இருக்கலாம். அந்தத் திறமையை எங்கே, எதற்காகப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தவர்கள் முஸ்லிம்கள்.

போந்துகு மட்டும் தனி உதாரணமும் அல்ல. புர்க்கினா ஃபாசோவின் போபோ-டியூலாசோ நகரில் ஸாரா முஸ்லிம்கள் ரமலான் இரவுகளில் ஜின்களை உருவகம் செய்யும் முகமூடிகளை ஆடுவதையும் பிராவ்மனே பதிவு செய்திருக்கிறார். காம்பியா, செனகல் நாடுகளின் மாண்டிங்கா மக்களிடம் விருத்தசேதனச் சடங்கோடு சேர்ந்த கன்குராங் முகமூடி இருக்கிறது, உடல் முழுக்க மரப்பட்டை நார் போர்த்தியது. அவர்களும் முஸ்லிம்கள். இத்தனை இடங்களிலும் ‘பூச்சு’ என்றே சொல்லிக்கொண்டு போனால், ஆராய்ச்சி செய்ய என்ன மிஞ்சும்?

கேள்வி: ஆனால் நீங்கள் சான்றாகக் காட்டிய இப்னு பதூதாவே அந்தப் பறவை வேடத்தைக் கண்டித்துத்தான் எழுதியிருக்கிறார். இது இஸ்லாத்துக்கு முந்திய பழக்கம் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும் எழுதுகிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? (காயல்பட்டினம் வாசகர், மறுபடி)

கேட்டது நியாயம். அவர் மாலியில் தனக்குப் பிடிக்காதவற்றைப் பட்டியலிடும்போது இந்த வேடத்தையும் சேர்த்திருக்கிறார். பழைய வழக்கம் என்று அவரிடம் சொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் அதே பக்கங்களில் அதே மக்களைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். தொழுகையை நேரம் தவறாமல் நிறைவேற்றுகிறார்கள், வெள்ளிக்கிழமை சீக்கிரம் போகாவிட்டால் பள்ளிவாசலில் இடம் கிடைக்காது, பிள்ளைகள் குர்ஆனை மனப்பாடம் செய்யாவிட்டால் காலில் விலங்கு போட்டுப் படிக்க வைக்கிறார்கள் என்று புகழ்கிறார். பறவை வேடம் பிடிக்காத அவருக்கே, அவர்களை முஸ்லிம் அல்லர் என்று சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் சொல்லும் கண்டிப்பு ஆப்பிரிக்காவிலும் உண்டு. 1940களின் பிற்பகுதியிலிருந்து பூவாக்கே போன்ற ஐவரி கோஸ்ட் நகரங்களில் சீர்திருத்த இயக்கத்தார் பழைய வழக்கங்கள் பலவற்றை எதிர்த்தார்கள். ஹஜ்ஜுக்கும் கல்விக்கும் அரபு நாடுகளுக்குப் போய்த் திரும்பியவர்கள் அந்த விவாதத்தை முன்னெடுத்தார்கள். ஆக, முகமூடி கூடுமா கூடாதா என்பது அந்த ஊர் முஸ்லிம்கள் தங்களுக்குள் நடத்துகிற வாதம். இரண்டு பக்கத்திலும் படித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை அவர்களிடமிருந்து பிடுங்கி, ‘இவர்கள் உண்மையான முஸ்லிம், இவர்கள் போலி’ என்று இங்கிருந்து முத்திரை குத்த வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த விஷயத்தில் மேலும் பல மறுப்புகள் வந்திருக்கின்றன. எல்லாம் இதே புள்ளியைச் சுற்றுவதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடமும் ஒரு முகமூடி இருக்கிறது, விலை...

இல்லை. இதையே கேட்டு எழுதிய மற்றவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: க்பாய்ன் முகமூடியைப் பெண்கள் பார்த்தால் ஆபத்து என்கிறார்களே, அது செய்வினை முகமூடியா?

செய்வினை வைப்பது அல்ல, அதை எதிர்ப்பது. க்பாய்ன் இரவில் வரும். ஊரில் யாராவது சூனியத்தால் கெடுதல் செய்கிறார்கள் என்ற அச்சம் எழும்போது அதை விரட்ட ஆடப்படுவது. டோவைப்போல முகத்தில் நேராகக் கட்டுவதல்ல. தலைமேல் கிடைமட்டமாகக் கவிழ்ப்பது. முன்னால் முதலைபோல் பிளந்த தாடை, பின்னால் நீண்டு போகும் கொம்புகள். ஒரே விலங்கு என்று சொல்ல முடியாது, பலவற்றின் வலிமை ஒன்றாகச் சேர்ந்தது. மாலிப் பக்கம் பம்பாரா மக்களின் கோமோ முகமூடிகளோடு இதற்கு உறவு தெரிகிறது. பெண்களுக்கும் அமைப்பில் சேராதவர்களுக்கும் பார்வைத் தடை உண்டு என்பதும் உண்மை.

இங்கே நிதானமாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால், முஸ்லிம்கள் நடத்திய இந்த ஆட்டத்தை முஸ்லிம் அல்லாத அண்டையார் சிலர் மதித்து வாங்கிக்கொண்டார்கள். சூனியத்தை அடக்க முஸ்லிம்களிடம் சக்தி இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தப் பகுதி முழுக்கப் பரவியிருந்தது. குர்ஆன் வசனம் எழுதித் தோலில் தைத்த தாயத்துகளை முஸ்லிம் அல்லாத அசாந்தே அரசர்களே அணிந்தார்கள். க்பாய்னை அந்தப் பின்னணியில் பார்த்தால் புதிர் குறையும்.

கேள்வி: ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற, கொம்பு வைத்த பலகை முகமூடி லிக்பிதானா?

பேடு. நஃபானா, குலாங்கோ, டேகா மக்களுடையது. ஆண் பேடுவுக்குக் கொம்பு, பெண் பேடுவுக்கு வட்டத் தட்டு. இதற்கு முன்னோடியான சக்ரோபுந்தி முகமூடியை 1889இல் போந்துகுவுக்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்டின் ஃப்ரீமன் கண்டு எழுதினார். பின்னாளில் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றவரும் இவரே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனிய அதிகாரிகள் சக்ரோபுந்தியை ஒடுக்கிய பிறகு பேடு வளர்ந்தது. லிக்பி பக்கத்தில் வாழ்கிறார்கள், பார்க்கவும் செய்வார்கள். ஆனால் முகமூடி அவர்களுடையது அல்ல.

கேள்வி: புர்க்கினா ஃபாசோவிலும் ‘டோ’ என்று இலைகளால் ஆன முகமூடி உண்டாமே? இரண்டும் ஒன்றா?

ப்வா மக்களின் இலை முகமூடி வேறு. பெயர் ஒத்திருப்பதை வைத்து வரலாறு எழுத வேண்டாம்.

கேள்வி: அருங்காட்சியக அட்டைகளில் ‘லிக்பி அல்லது செனுஃபோ அல்லது ஜூலா’ என்று போட்டிருக்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்? (சிற்பக்கலை மாணவி)

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முகமூடியைச் செதுக்குபவர் ஒருவர், ஆடுகிறவர் இன்னொருவர். செதுக்குபவர் நூமு கொல்லராக இருக்கலாம். செனுஃபோவின் குலேபேலே சிற்பிகளாகவும் இருக்கலாம். இந்தச் சிற்பிகள் யார் கேட்டாலும் செய்துகொடுப்பார்கள். செனுஃபோவின் க்பெலியே என்ற முகமூடியை டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நீள்வட்டம், அதே ஒடுங்கிய கண், முகத்தின் இரு பக்கமும் இறக்கைபோல் நீட்டல்கள். மரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பிரிப்பது கடினம்.

அதோடு சந்தையும் சேர்ந்துகொண்டது. 1950களில் செனுஃபோ நாட்டில் மஸ்ஸா என்ற புதிய வழிபாடு பரவியது. பழைய புனிதப் பொருள்களை விட்டுவிடுங்கள் என்றது அது. கைவிடப்பட்ட சிற்பங்கள் வண்டி வண்டியாக வணிகர்கள் கைக்குப் போயின. செனுஃபோ நகரமான கோர்ஹோகோவின் பட்டறைகளிலிருந்து புதியவையும் வந்து கலந்தன. ஐரோப்பிய வாங்குநர் ‘எந்த இனம்’ என்று கேட்டபோது வணிகர் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரே அட்டையில் ஏறியது. ஒரு முகத்தை ஒரு இனத்தோடு கட்டிப்போடும் பழக்கம் அருங்காட்சியகங்களுக்கு வசதி. போந்துகு போன்ற ஊரில் நாலைந்து மொழிக்காரர்கள் ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே சிற்பியிடம் வாங்கி, ஒரே பெருநாளில் ஆடினார்கள். நான் பட்டியலிடும்போது இனப்பெயரை முதலில் எழுதாமல் ஊர், ஆட்டம், நாள் என்ற வரிசையில் எழுத முயன்றதற்கு இதுதான் காரணம். மூன்றும் கிடைக்காத முகமூடிகளே மிக அதிகம். அதுவே விற்பனையாளர்கள் செய்த சேதத்தின் அளவு.

நீங்கள் ஆய்வு செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். 2011இல் ஐவரி கோஸ்டில் தேர்தலுக்குப் பிறகு நடந்த மோதலின்போது அபிஜானின் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து ஏராளமான பொருள்கள் திருடு போயின. ஆகவே சமீபத்தில் சந்தைக்கு வந்த எந்தப் பொருளையும் ஆய்வில் சேர்க்கும் முன் அது எப்போது நாட்டைவிட்டு வெளியேறியது என்று பாருங்கள். பழைய களப் புகைப்படங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஆட்டக்காரர் அணிந்திருக்கும் நிலையில் எடுத்த ஒரு படம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பத்து முகமூடிகளைவிட அதிகம் சொல்லும்.

கேள்வி: வேகமாகக் காலை ஆட்டும் அந்த வீடியோ...

ஸாவுலி. குரோ மக்கள். மேலே பாருங்கள்.

கேள்வி: எங்கள் நாடகக் குழுவுக்கு யங்கலேயா செய்து மேடையில் ஆடலாமா? (நாடகக்காரர்)

டோ எல்லோர் முன்னாலும் ஆடுவது, ரகசியம் அல்ல. அதைப் பார்த்து உங்கள் கையால் ஒன்றைச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு விஷயம் மட்டும். அதைப் பேய் முகமாகவோ காட்டுமிராண்டி வேடமாகவோ மேடையில் காட்டாதீர்கள், அது பெருநாள் மகிழ்ச்சிக்கு உரியது. அறிவிப்பில் ‘ஆப்பிரிக்க முகமூடி’ என்று போடாமல் போந்துகு, லிக்பி, டோ என்று பெயர் சொல்லிப் போடுங்கள். க்பாய்னை மேடையேற்ற வேண்டாம்.

கேள்வி: படத்தில் இருப்பது யங்கலேயாவா? ஒன்றரை மீட்டர் உயரம், அலகு வயிற்றைத் தொடுகிறது, இறக்கைகள் விரிந்திருக்கின்றன. பாரிஸில் ஒரு கடையில் ‘லிக்பி இருவாச்சி’ என்று வைத்திருந்தார்கள்.

இல்லை. அது முகமூடியே அல்ல, நிற்கும் சிலை. செனுஃபோ இருவாச்சிச் சிலைதான் இப்படி வயிற்றைத் தொடும் அலகும் விரிந்த சதுர இறக்கையும் கொண்டிருக்கும். யங்கலேயா என்றால் மனித முகம் இருக்க வேண்டும், அலகு மூக்கின் இடத்திலிருந்து இறங்க வேண்டும், அணிகிறவர் பார்ப்பதற்குக் கண்துளை இருக்க வேண்டும். கடைக்காரரிடம் ஊர்ப்பெயர் கேட்டீர்களா?